கேமரா வைத்த அழைப்புமணி: நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுப்புமா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் எங்கள் வாசலில் கேமரா வைத்த அழைப்புமணியைப் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. பார்சல் திருட்டுக்கு அஞ்சியே பலரும் இதை வாங்குகிறார்கள்; நான் வாங்கிய காரணம் வேறு. 2020 மார்ச் 13 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், இதே ஊரில் பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவைக் காவலர்கள் உடைத்து நுழைந்தபோது, கொள்ளையர் என்று எண்ணிய அவருடைய காதலர் ஒரு முறை சுட்டார்; பதிலுக்குக் காவலர்கள் சுட்ட 32 குண்டுகளில் சில பாய்ந்து 26 வயது டெய்லர் உயிரிழந்தார். கதவைத் தட்டாமலே நுழைய நீதிபதி அனுமதித்திருந்தும், தட்டி 'போலீஸ்' என்று அறிவித்ததாகக் காவலர்கள் கூறினர். தட்டும் ஓசை கேட்டது, யாரென்று கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றார் காதலர்.

காவலர்கள் அறிவித்தார்களா இல்லையா என்ற அந்தச் சர்ச்சை இக்கருவி இருந்தால் தீருமா என்று பார்க்க, ஓர் இரவு மனைவியை மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொல்லிவிட்டு, பொத்தானைத் தொடாமல் முஷ்டியால் கதவைத் தட்டி, இரு முறை 'போலீஸ்' என்று கத்தினேன். (அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.) படம் துல்லியம். தட்டிய ஓசையும் பதிந்திருந்தது. ஆனால் முதல் 'போலீஸ்' ஏசி இயந்திரத்தின் இரைச்சலில் அமுங்கிப்போயிருந்தது. கைப்பேசிக்கு எச்சரிக்கை வர ஏழு விநாடிகள் ஆயின. பொத்தானை அழுத்தினால்தான் உள்மணி ஒலிக்கும் என்பதால் வீட்டுக்குள் அமைதி நிலவியது. தட்டி அறிவித்த காவலர்கள் 15 முதல் 20 விநாடிகள் காத்திருந்து கதவை உடைத்தது நியாயமே என்று 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு போதைப்பொருள் வழக்கில் தீர்ப்பளித்தது. பதினைந்தாவது விநாடியில் என் மனைவி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆகவே இது சாட்சிக்கு உதவும், காவலுக்கு உதவாது. அந்தச் சாட்சியையும், 2020 ஜூனில் நகர மன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டம் மாதச் சந்தா இல்லாமலே தருகிறது: தட்டாமல் நுழையும் ஆணைகளை விலக்கியதோடு, நுழைவதற்கு ஐந்து நிமிடம் முன்பே காவலர்கள் உடலில் அணியும் கேமராவை இயக்கிவிட வேண்டும் என்கிறது. அவகாசம் கொடுத்தால் போதைப்பொருள் போன்ற சான்றுகள் கழிவறையில் கரைந்துபோகும், காவலர்களுக்கும் ஆபத்து என்று எதிர்ப்போர் வாதிடுகிறார்கள். இரண்டாவது கவலை எனக்குப் புரிகிறது, முதலாவதை ஓர் உயிரோடு தராசில் வைக்க மனம் ஒப்பவில்லை. 2021இல் வந்த மாநிலச் சட்டம் இவ்வாணைகளைக் கட்டுப்படுத்தியதே தவிர, முற்றாக ஒழிக்கவில்லை.

கருவிக்கு வருகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அசைவை உணர்ந்தாலே ஒலிக்கும் கூடுதல் உள்மணியையும் பின்னர் வாங்கினேன். மூன்றாம் இரவே பக்கத்து வீட்டுப் பூனை எங்களை இரு முறை எழுப்பியதால், இப்போது அது அலமாரியில் கிடக்கிறது.