தோட்ட வீட்டு மரப்படி: பனந்தடியா, பழைய தேக்கா?

காரைக்குடிப் பக்கம் தோட்டத்தில் சின்ன மரவீடு போடுகிறவர்கள், பரணுக்கு ஏறும் படியில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

செலவு
பனை: மலிவு. ஆனால் நிற்கிற பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய ஓட்டு வீட்டிலிருந்து இறக்கிய பனங்கை (கூரை தாங்கும் பனஞ்சட்டம்) கிடைத்தால் நல்லது.
தேக்கு: விலை கூடுதல். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீட்டுத் தூணும் உத்தரமும் கிடைக்கும்.

நீடித்து உழைக்குமா
பனை: வைரம், அதாவது கெட்டி மரம், வெளிப்புறத்தில்; நடுவில் மெத்தென்ற சோறு. தடியை இரண்டாகப் பிளந்தால் கால் படும் தட்டையான முகம்தான் மெத்தென்று இருக்கும். தேயும், ஈரம் குடிக்கும், சிராய் ஏறும். சாய்வாகத் தாங்கும் மரமாக நின்றால் அதே பனை அசையாது.
தேக்கு: நேர்மாறு, வைரம் உள்ளே. வெளி வெள்ளை மரத்தைச் செதுக்கிவிடுங்கள், அதைக் கரையான் தின்னும். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த மரம் பல்லாண்டு காய்ந்தது. கழுந்தை (துளைக்குள் செருகும் மரமுனையை) இறுக்கினால் சுருங்கித் தளராது.

வேலை
பனை நார் உளியை மழுக்கும். தேக்கில் பழைய ஆணி ஒளிந்திருக்கும், அறுக்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள்.

சாமான் ஏற்றி இறக்க மட்டும் என்றால் பனை போதும். ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் ஏறுகிற படி என்றால் மிதிபலகை தேக்காகத்தான் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காசு இடித்தால் தாங்குமரம் பனை, மிதிபலகை தேக்கு. படி உயரம் 7 அங்குலம், அகலம் 10. எதுவானாலும் அடிமரத்தை மண்ணில் ஊன்றாமல் கருங்கல் மேல் நிறுத்துங்கள்.