வேலூரில் வீட்டுக்குள் வைக்கும் டிவி ஆன்டெனா வாங்கி 3,900 ரூபாய் இழந்த கதை

சென்ற மாதம் வேலூர் பஜார் பக்கம் உள்ள ஒரு கடையில், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆன்டெனா ஒன்றையும், அது வேலை செய்ய வேண்டுமானால் கட்டாயம் தேவை என்று சொல்லி அடுத்தடுத்து என் தலையில் கட்டிய இரண்டு பொருள்களையும் சேர்த்து 3,900 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றும் சேர்ந்து என் அம்மாவின் டிவியில் ஒரே ஒரு சேனலைக்கூடக் காட்டவில்லை. வாங்கிய பொருள் பழுதாக இருந்திருந்தால் மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். பழுதே இல்லாத புத்தம் புதிய ஆன்டெனாவுக்கும் வேலூரில் வேலை கிடையாது என்பதும், விற்றவருக்கு அது நன்றாகத் தெரியும் என்பதும்தான் என்னை எழுத வைக்கின்றன.

அம்மா கொசப்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். மொட்டை மாடிக்குத் தளம் போட்டுப் புதிதாகப் பூச்சு வேலை செய்திருப்பதால், அங்கே டிஷ் மாட்ட ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். கேபிள் மழை வந்தால் போகிறது, மழை நின்ற பிறகும் வருவதில்லை. இந்த நிலையில்தான், ‘மாதக் கட்டணம் இல்லை, டிஷ் வேண்டாம், 200 சேனல் வாழ்நாள் முழுவதும் இலவசம்’ என்று எழுதிய பலகை கண்ணில் பட்டது.

கடையில் பார்த்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அங்கேதான் இருந்தது. சுவரில் ஒரு பெரிய டிவி தமிழ்ச் சேனல் ஒன்றைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கறுப்பு அட்டை போன்ற மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வயர் டிவியின் பின்புறம் செருகப்பட்டிருப்பதைக் கடைக்காரரே திருப்பிக் காட்டினார். ஒரு கணம் படம் அப்படியே உறைந்து, திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. கல்லாவில் நின்ற பையன், “அண்ணா, நெட்டு கட்டாயிடுச்சு” என்று குரல் கொடுத்தான். கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பையன் உள்ளே போனான், படம் மறுபடியும் ஓடியது. கடையின் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆன்டெனா வழியாக வரும் படத்தில் சிக்னல் குறைந்தால் கட்டம் கட்டமாகச் சிதறும், அல்லது திரை கறுத்துவிடும், வட்டம் சுற்றாது. வட்டம் சுற்றினால் அது இணையத்தில் வரும் படம். அந்த டிவி கடையின் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது, ஆன்டெனா வெறும் அலங்காரம். அன்றைக்கு இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆன்டெனா 1,350 ரூபாய். வீட்டுக்கு வந்து டிவியில் தானாகச் சேனல் தேடும் வசதியை ஓடவிட்டோம். பட்டை நூறு சதவீதம் வரை நகர்ந்து நின்றது. அனலாக் பூஜ்யம், டிஜிட்டல் பூஜ்யம். ஜன்னலை மாற்றினோம், தகட்டைத் திருப்பினோம். கடைசியில் அம்மா அதைச் சாமி படம் பிடிப்பது போல இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் நான்காவது முறையாகத் தேடினேன். அப்போதும் பூஜ்யம்தான். மறுநாள் கடைக்குப் போனபோது, கொசப்பேட்டையில் மலை மறைக்கிறது என்று சொல்லி 650 ரூபாய்க்கு ஒரு பூஸ்டரைக் கொடுத்தார். அதற்கும் மசியவில்லை என்றதும், “உங்க டிவியில ட்யூனர் பழசு சார், இந்த பாக்ஸ் போட்டா நூறு பர்சன்ட் வரும்” என்று 1,900 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ் எடுத்து வைத்தார். பூஸ்டரைப் பார்த்த அன்றே அம்மா, “சட்டியில இருந்தாதாண்டா அகப்பையில வரும்” என்றார். நான் கேட்கவில்லை.

அம்மா சொன்னதுதான் விஷயம். நம் நாட்டில் தரைக் கோபுரத்திலிருந்து டிவி ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டுமே இருந்துவருகிறது. தனியார் சேனல்கள் எல்லாம் செயற்கைக்கோள், கேபிள், இணையம் ஆகிய வழிகளில்தான் வருகின்றன. ஆகவே, தூர்தர்ஷன் கோபுரம் பக்கத்திலேயே இருந்தாலும்கூட வீட்டு ஆன்டெனாவில் இருநூறு சேனல் வர வாய்ப்பே இல்லை. அந்தக் கோபுரங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பையும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தி, எல்லைப் பகுதி போன்ற சில முக்கிய இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடத் திட்டமிட்டு அறிவித்தது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்தான். நான் வாங்கிய செட்டாப் பாக்ஸ் அந்த வகை ஒளிபரப்பை வாங்குவதற்கானது. சென்னையில் வைத்திருந்தால் ஒருவேளை பயன்பட்டிருக்கும்.

சென்னை சிக்னலை இங்கே இழுக்க முடியாதா என்று கேட்டபோது, அட்டைப் பெட்டியில் ‘300 மைல்’ என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி வளைந்திருப்பதால் 200 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, தரையை ஒட்டி இருக்கும் ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வரைதான் எட்டும். சென்னையோ இங்கிருந்து சாலை வழியில் சுமார் 140 கிலோமீட்டர். நடுவில் குன்றுகள், அதற்கு மேல் கீழ்த்தளத்துச் சுவர்கள். அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் மீன் முள் போன்ற அலுமினிய ஆன்டெனாவை உயரமான குழாயில் நிறுத்தி, ஒருவர் மேலே திருப்ப இன்னொருவர் கீழேயிருந்து “தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு” என்று கத்திச் சென்னையைப் பார்த்தவர்கள் நம் ஊரில் உண்டு. அது அனலாக், சிக்னல் பலவீனமாக இருந்தாலும் புள்ளி புள்ளியாக ஏதோ ஒரு உருவம் தெரியும். டிஜிட்டலில் அந்த அரைகுறைப் படம் கிடையாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சிக்னல் இறங்கினால் ஒன்றுமே வராது. பூஸ்டர் வருகிற சிக்னலைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும்; இல்லாததை உண்டாக்காது. இந்தத் தகடு, தனியார் நிறுவனங்களும் தரைக் கோபுரத்திலிருந்து இலவசமாக ஒளிபரப்பும் அமெரிக்கா போன்ற நாடுகளில் உண்மையிலேயே பயன்படுகிறது. அங்கே விற்கும் விளம்பர வாசகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்க வேண்டும் என்றால் நமக்கு இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். அதன் ஒளிபரப்பு 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வேலூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. எனவே திறந்த வானம் தெரியும் இடத்தில் டிஷ் மாட்டியே ஆக வேண்டும், வீட்டுக்குள் வைக்க முடியாது. பொதிகை என்ற பெயரில் இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனல் அதில் வரும். அம்மா தினமும் பார்க்கும் சீரியல் சேனல்கள் எல்லாம் வரும் என்று யாராவது சொன்னால், அங்கேயும் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, “விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். என் கையில் இருந்தது பெயரும் வரி எண்ணும் இல்லாத துண்டுச் சீட்டு. அதில் ‘எலக்ட்ரானிக் ஐட்டம் 3’ என்று மட்டும் எழுதியிருந்தது. பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இதை நான் அவரிடம் சத்தம் போடாமல் சொல்லி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அவர் எதிரிலேயே புகாரைப் பதிந்த பிறகு, செட்டாப் பாக்ஸுக்கான 1,900 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. ஆன்டெனாவும் பூஸ்டரும் ‘பிரித்த பொருள்’ என்று நின்றுவிட்டன. மீதி 2,000 ரூபாய்க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய மொபைல் ரசீதும், பலகையைப் படம் எடுத்ததும்தான் என்னிடம் உள்ள ஆதாரங்கள். பலகையை முதல் நாளே படம் எடுக்கத் தோன்றியது மட்டும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

இத்தகைய கடைக்குள் போக நேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, படம் எந்த வழியாக வருகிறது என்பதைக் காட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆன்டெனா என்றில்லாமல் ஏதாவது ஆப்பின் பெயரோ எச்டிஎம்ஐ என்றோ வந்தால் திரும்பி வந்துவிடலாம். அல்லது வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நேற்று அந்தப் பக்கம் போனபோது அதே டிவி, அதே தகடு, அதே பலகை. வயதான தம்பதி ஒருவர் உள்ளே நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டைக் கேளுங்கள் ஐயா என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு வந்தேன்.