எச்டி 650, ஒரு வால்வு ஆம்ப், இடது பக்கம் சாயும் பாடகர்

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கினால் கூட எந்த ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும் பெட்டி) போடலாம் என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். போனில் பேசித் தீரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். 2003-இல் வந்த மாடல், 300 ஓம், பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் என்பதெல்லாம் இதை வாங்க நினைக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்குச் சொல்ல இருப்பது வால்யூம் குமிழைப் பற்றி. ஹெட்போனுக்கு ஆம்ப் ஜோடி சேர்ப்பது பற்றி எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எத்தனை வாட், எந்தச் சிப், எந்த வால்வு (டிரான்ஸிஸ்டருக்கு முந்தின காலத்துக் கண்ணாடிக் குழாய்) என்று எல்லாம் வருகிறது. ராத்திரி வீடு அடங்கின பிறகு மெதுவாக வைத்துக் கேட்டால் அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. நாலைந்து வருஷமாக என்னை உறுத்துவது அதுதான்.

முதலில் வாட் கணக்கை முடித்துவிடலாம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்பது எச்டி 650-இன் கணக்கு. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்தால்கூட (அவ்வளவு சத்தம் காதுக்கு நல்லதில்லை) சுமார் 2.2 வோல்ட் போதும், 300 ஓமில் அது வெறும் 17 மில்லிவாட். இதற்கு 2 வாட் ஆம்ப், 6 வாட் ஆம்ப் என்று தேடி அலைவதில் அர்த்தமே இல்லை. மேஜையில் இருக்கும் டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக மாற்றும் பெட்டி) சாதாரணமாக 2 வோல்ட் தரும். அதைக் கொண்டுபோய் ஆறு மடங்கு பெருக்கும் ஆம்ப்பில் செருகினால் கைவசம் 12 வோல்ட் இருக்கும், நமக்கு வேண்டியதோ அதில் ஒரு துளி. விளைவு, குமிழின் கோடு, கடிகார முள் கணக்கில் சொன்னால், ஆயுசுக்கும் எட்டு மணி, ஒன்பது மணி நிலையைத் தாண்டாது. மீதிச் சுற்று முழுக்க வீண்.

வீண் என்பதோடு போனால் பரவாயில்லை. ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு கன்ட்ரோல், இடதுக்கு ஒரு கார்பன் பட்டை, வலதுக்கு ஒன்று. நடுச் சுற்றில் இரண்டும் ஒத்துப்போகும். தொடக்கத்தில், அந்த முதல் கால் சுற்றில், ஒன்றுக்கொன்று 2, 3 டெசிபல்கூடப் பிசகும். பெரும்பாலான சாதாரணக் கன்ட்ரோல்களின் குணமே இது. என்னிடம் இருக்கும் வால்வு ஆம்ப்பில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், எட்டரை மணி நிலையில் இடது பக்கம் கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடுதல்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம், ஒரு பழைய மோனோ பதிவு போதும். நான் அதிகம் கேட்பது ரேடியோ காலத்துக் கச்சேரிகள், எல்லாம் மோனோ. மோனோ என்றால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம், பாடகர் நெற்றிக்கு நேர் நடுவில் உட்கார வேண்டும், தம்புரா அவர் முதுகுக்குப் பின்னால் அதே இடத்தில் இருக்க வேண்டும். என் ஆம்ப்பில் என்ன ஆகும் என்றால், குமிழைப் பத்து மணிக்கு மேல் ஏற்றினால் எல்லாரும் நடுவுக்கு வருவார்கள், ராத்திரிக்காக இறக்கினால் மொத்தக் கச்சேரியும் இடது காதுப் பக்கம் நகர்ந்துவிடும். பாடகர், வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாரும் சேர்ந்து. ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் காது அதை விடாது, ஆலாபனையில் மனசு போகாமல் இடது பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கம்ப்யூட்டரிலேயே 12 டெசிபல் குறைத்துவிட்டு குமிழை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஆகும், 24 பிட்டில் அதனால் காதுக்கு எட்டும் நஷ்டம் எதுவும் கிடையாது. ஆனால் இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பெட்டியில், கையில் நன்றாகக் கனமாக உட்காரும் அந்த அலுமினியக் குமிழைத் தொடக் கூடாது, மவுஸைப் பிடி என்றால் கோபம் வருமா வராதா?

அதனால்தான் போன மாதம் சென்னை ரிச்சி தெருப் பக்கம் வால்வு வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் அந்தக் கன்ட்ரோலையே மாற்றினேன். கார்பன் பட்டைக்குப் பதில் படிப்படியாக நகரும் சுவிட்ச், ஒவ்வொரு படிக்கும் 1 சதவீத ரெசிஸ்டர்கள், மொத்தம் 24 படி. இடது வலது வித்தியாசம் இப்போது மீட்டரில் பார்த்தால்தான் உண்டு. பாடகர் எந்தச் சத்தத்திலும் நடுவில் இருக்கிறார். கூலியும் சாமானும் சேர்ந்து ஒரு நல்ல சின்ன ஆம்ப்பின் விலை ஆனது, அதுவும் போகட்டும். ஆனால் படிக்குப் படி 2 டெசிபலுக்கு மேல் தாவுகிறது. எனக்கு வேண்டிய சத்தம் ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் நடுவில் இருக்கிறது. ஏழில் வயலின் பின்னால் போய்விடுகிறது, எட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அலுக்கிறது. மறுபடியும் மவுஸ்.

இத்தனைக்கும் இந்த ஆம்ப்பை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றால், மிருதங்கம். இது டிரான்ஸ்பார்மர் வழியாக ஹெட்போனுக்குப் போகாத வகை, 6080 வால்வு போட்டது, அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப்பே தன் பங்குக்குப் போடும் தடை, 120 ஓம் வரும். எச்டி 650-ஐ 300 ஓம் என்று சொன்னாலும் எல்லா இடத்திலும் 300 இல்லை, 80, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500 ஓம் வரை ஏறும். 120 ஓமுக்குப் பின்னால் 300 ஓம் இருந்தால் வோல்ட்டேஜ் சுமார் 2.9 டெசிபல் இறங்கும், 500 ஓம் இருந்தால் 1.9 டெசிபல்தான் இறங்கும். ஆகக் கீழ்ஸ்தாயியில் கூடுதலாக 1 டெசிபல் கிடைக்கிறது. வால்வின் மாயம், இனிமை, உயிர் என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு இந்தக் கூட்டல் கழித்தல்தான் என்பது என் முடிவு. ஆனால் கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் இடது பக்கத்தில், ரவை பூசிய தொப்பியில் தட்டிவிட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தும்போது ஒரு கும்கி எழும் இல்லையா, அது எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் மேலே வளைந்து எங்கே நிற்கிறது என்பது முழுசாகத் தெரிகிறது. டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் அதே கும்கி சரியாக, சுத்தமாக, கொஞ்சம் ஒல்லியாக வருகிறது. தனி ஆவர்த்தனம் கேட்க உட்கார்ந்தால் என் கை தானாக வால்வு ஆம்ப்பின் சுவிட்சுக்குத்தான் போகும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், சத்தத்தைச் சமப்படுத்தாமல் இரண்டு ஆம்ப்பை ஒப்பிட்டேன் என்று சொல்கிறவரை அறவே நம்ப வேண்டாம். சத்தம் கூடக் கூடக் காதுக்குக் கீழ்ஸ்தாயியும் உச்சஸ்தாயியும் நிறைவாகக் கேட்கும் என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1 டெசிபல் கூடுதலாக ஓடும் ஆம்ப்தான் நல்ல ஆம்ப் என்று காது சொல்லிவிடும், ஏனென்று நமக்கே தெரியாது. வழி சுலபம். 1000 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் செருகியிருக்கும்போதே அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு ஆம்ப்பிலும் ஒரே எண் வரும்படி குமிழை நிறுத்த வேண்டும். 1 சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் இருக்கும். சாதாரண மீட்டரே போதும், ஒரே மீட்டர், ஒரே சுருதி, ஒப்பீட்டுக்கு வேறென்ன வேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வேறு யாரையாவது மாற்றிச் செருகச் சொல்ல வேண்டும். என் மகள் மாற்றிச் செருகினாள். இரண்டு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புகளுக்குள் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலை. வால்வு ஆம்ப்பை மிருதங்கத்தில் கண்டுபிடிக்க முடிந்தது, குரலிலும் வீணையிலும் முடியவில்லை. பிறகு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புக்குக் கம்ப்யூட்டரில் 90 ஹெர்ட்ஸ் பக்கம் 1 டெசிபல் ஏற்றிக் கேட்டபோது மிருதங்கத்திலும் தடுமாற ஆரம்பித்தேன்.

எச்டி 650-இல் திரை போட்ட மாதிரி கேட்கிறது என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அதற்கு ஆம்ப் மாற்றுகிறவர்கள் முதலில் ஹெட்போனில் காதைச் சுற்றி உட்காரும் பஞ்சைப் பார்க்க வேண்டும். வெல்வெட் பஞ்சு நாளாக ஆக அமுங்கிக் காது, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவருக்கு நெருங்கிவிடும், குரலின் இடமே மாறும். நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரமே நடக்கும். புதுப் பஞ்சு போட்ட அன்று கேட்ட மாற்றம், எந்த ஆம்ப்பிலும் நான் கேட்டதைவிடப் பெரியது. ஹெட்போனைப் பற்றி வேறு குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குரலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் தேடவும் இல்லை.

இந்தக் கணக்கு எல்லா ஹெட்போனுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளானர் வகையில் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் ஹெட்போன்கள்) இம்பிடன்ஸ் நேர்க்கோடாக ஓடும், அவுட்புட் இம்பிடன்ஸால் தொனி மாறாது. ஹைஃபைமேன் எச்ஈ-6 மாதிரி 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் என்று வருவதற்கு 110 டெசிபலைத் தொட அரை வாட்டுக்குக் கிட்ட வேண்டும், அங்கே வாட் பேசுவது நியாயம். என் வால்வு ஆம்ப்பில் அதைச் செருகினால் மூச்சு முட்டும். 32 ஓம் ஹெட்போனுக்கும் இது ஆகாது.

சரி, நண்பர் கேட்டதற்குப் பதில். வால்வு ஆம்ப் வாங்க வேண்டாம். 6080-இன் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், கிட்டத்தட்ட 16 வாட் வெறும் சூடாகப் போகிறது, சித்திரை மாசம் மூடிய அறையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஓப்பன் பேக் ஹெட்போன் என்பதால் ஃபேனும் போட முடியாது, ஃபேன் சத்தம் உள்ளே வரும். மேஜையில் டம்ளரை வைத்தால் வால்வு 'டிங்' என்கிறது. 1 டெசிபலுக்காக இத்தனையும் தேவையே இல்லை. கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றும் சுவிட்ச்) உள்ள, குறைந்த நிலையில் சிக்னலைப் பெருக்காமல் அப்படியே விடுகிற சின்ன டிரான்ஸிஸ்டர் ஆம்ப் ஒன்று போதும். இப்போதைக்குப் பணம் இல்லை என்றால் போனில் செருகும், 1 வோல்ட் தரும் யூஎஸ்பி-சி டாங்கிளே 103 டெசிபல் வரை கொண்டுபோகும், மிச்சப் பணத்தில் ஒரு ஜோடிப் பஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளலாம். என்னுடையதை விற்கிறேனா என்றால், இல்லை, அது இருக்கும்.

எந்த ஆம்ப் ஆனாலும் கடையில் ஏற்றிக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். உங்கள் சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள், போனில் ஒரு மோனோ கச்சேரி இருக்கட்டும், குமிழை அடியிலிருந்து மெதுவாக ஏற்றி, பாடகர் எந்த இடத்தில் நடுவுக்கு வருகிறார் என்று பாருங்கள். ராத்திரி நீங்கள் கேட்கும் சத்தம் அதற்குக் கீழே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.