டெரோடாக்டைல் பேனலில் விளையாட்டு சர்வர்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

விளையாட்டு சர்வர்களை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் மென்பொருளான டெரோடாக்டைல் பேனலைக் கொண்டு அவற்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் நிறுவும் முறையோடு நின்றுவிடுகின்றன. நிறுவிய பின் மாதக்கணக்கில் அது எப்படி உழைக்கிறது என்பதுதான் ஒரு குழுவுக்காக சர்வர் நடத்த நினைப்பவருக்கு வேண்டிய தகவல் என்பதால், அதற்கே இங்கு முதன்மை தருகிறேன்.

எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் இந்தத் திறமூல மென்பொருள் இரு பகுதிகளால் ஆனது. உலாவியில் நாம் காணும் பேனல், பிஎச்பி மொழியில் லாராவெல் சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. விளையாட்டுகள் ஓடும் கணினியில், கோ மொழியில் எழுதப்பட்ட விங்ஸ் என்ற நிரல் அமர்ந்து, ஒவ்வொரு சர்வரையும் தனித்தனி டாக்கர் கன்டெய்னரில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து ஒதுக்கப்பட்ட சூழலில், இயக்குகிறது. இவ்வாறு பிரித்திருப்பதால், பராமரிப்புக்காகப் பேனலை நிறுத்தினாலும் விளையாடிக்கொண்டிருப்பவர்கள் துண்டிக்கப்படுவதில்லை. கோப்புகளை அனுப்பிப் பெற உதவும் எஸ்எஃப்டிபி வழியாகப் புதிதாக உள்நுழைவது மட்டும் அந்த நேரத்தில் இயலாது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பேனல்தான்.

எந்த விளையாட்டை எப்படி நிறுவி இயக்குவது என்ற விவரம் ‘எக்’ எனப்படும் வார்ப்புருவில் இருக்கிறது. ஸ்டீம் விளையாட்டுகள் பலவற்றுக்கு அது ஸ்டீம்சிஎம்டி என்ற கட்டளைவரிக் கருவியைக் கொண்டு கோப்புகளை இறக்கிக்கொள்கிறது. மைன்கிராஃப்டில் இந்த அமைப்பின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1.17 பதிப்புக்கு ஜாவா 16, 1.18-க்கு ஜாவா 17, 1.20.5-க்கு ஜாவா 21 என்று தேவை உயர்ந்துகொண்டே வந்திருக்க, பழைய மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) தொகுப்புகள் பல இன்றும் ஜாவா 8-ஐயே கேட்கின்றன. தொடக்க அமைப்புகள் பக்கத்தில் உரிய டாக்கர் இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சை) தேர்ந்தெடுத்தால், இவை அனைத்தும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே கணினியில் ஓடும்.

அதிகக் கவனம் கேட்பது நினைவக ஒதுக்கீடு. பேனலில் நாம் எழுதும் எண் கன்டெய்னர் முழுவதற்குமான வரம்பு. மைன்கிராஃப்ட் போன்ற ஜாவா விளையாட்டு தன் தரவை வைத்துக்கொள்ளும் ஹீப் நினைவகம் அதில் ஒரு பகுதி மட்டுமே. வகுப்புத் தகவல்கள், த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலை இழைகள்), தொகுக்கப்பட்ட நிரல், பிணையத் தரவுக்கான இடையகங்கள் ஆகிய யாவும் ஹீப்புக்கு வெளியே இடம் பிடிப்பதால், வரம்பின் அளவையே ஹீப்புக்கும் கொடுத்துவிட்டால் சர்வர் நன்றாகத் தொடங்கி, ஆட்கள் கூடிய நேரத்தில் திடீரென்று நின்றுபோகும். அப்போது கன்சோலில் 137 என்ற வெளியேற்றக் குறியீடும், நினைவகம் தீர்ந்தது என்ற குறிப்பும் தோன்றினால், விளையாட்டில் பிழை தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். வரம்பை மீறிய நிரலை லினக்ஸ் கர்னல் நிறுத்தியிருக்கிறது. மாட்கள் நிறைந்த சர்வர்களில் ஹீப்புக்கும் வரம்புக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு ஜிபி வரை விட்டுவைப்பது எனக்கு நன்கு பயன்பட்டிருக்கிறது.

சிபியு வரம்பில் 100 என்பது ஒரு த்ரெட்டைக் குறிக்கிறது. மைன்கிராஃப்ட் விநாடிக்கு 20 டிக் (உலகத்தைப் புதுப்பிக்கும் சுற்று), அதாவது ஒவ்வொன்றும் 50 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கில் இயங்குவதாலும், அந்த வேலையின் பெரும்பகுதியை ஒரே த்ரெட் செய்வதாலும், 100 போதும் என்று தோன்றலாம். ஆனால் நினைவகத் துப்புரவும் புதிய நிலப்பரப்பை உருவாக்குவதும் வேறு த்ரெட்களில் நடப்பவை. அவற்றுக்கும் இடமிருக்கும்படி 200 அல்லது 300 வைத்தால்தான் ஆட்டம் திக்காமல் செல்கிறது.

பிணைய அமைப்பில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். கன்சோலைத் திறக்கும்போது உலாவி பேனலைத் தாண்டி விங்ஸுடன் நேரடியாக இணைகிறது. இயல்பாக அது 8080 போர்ட்டில் நடக்கிறது. ஆகவே பேனல் எச்டிடிபிஎஸ்ஸில் (மறையாக்கிய இணைப்பில்) இருந்தால் விங்ஸுக்கும் சான்றிதழ் வேண்டும். இல்லையேல் உலாவியே அந்த இணைப்பைத் தடுத்துவிடும். அடுத்தது, இதைவிட முக்கியமானது: டாக்கர் தன் ஃபயர்வால் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், லினக்ஸின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் மூடிய போர்ட்டும் கன்டெய்னருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் வெளியுலகுக்குத் திறந்தே இருக்கும். மைன்கிராஃப்டின் ஆர்கான் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுப் போர்ட்களை ஒதுக்குமுன் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

பேக்கப்பைக் கால அட்டவணையில் ஒப்படைக்கலாம். ஓடும் விளையாட்டின் உலகம் வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதை நகலெடுத்தால் கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. எனவே தானியங்கிச் சேமிப்பை நிறுத்துதல், முழுவதையும் சேமித்தல், பேக்கப் எடுத்தல், சேமிப்பை மீண்டும் தொடங்குதல் என்ற வரிசையில் பணிகளை அமைக்கிறேன். பேக்கப் முடியும்வரை அடுத்த பணி காத்திருப்பதில்லை என்பதால், கடைசிப் பணிக்குப் போதிய இடைவெளி தர வேண்டும். 900 விநாடி வரை தரலாம். இயல்பு அமைப்பில் பேக்கப்கள் விளையாட்டு ஓடும் அதே கணினியில்தான் சேர்கின்றன. அந்த வட்டு பழுதானால் உலகமும் அதன் நகலும் ஒருசேரப் போய்விடும் என்பதால், எஸ்3 முறையிலான (அமேசானின் மேகச் சேமிப்பு முறை) வெளிச் சேமிப்பை முதல் நாளே இணைத்துவிடுவது நல்லது. பேனலின் தரவுத்தளமும், அமைப்புக் கோப்பில் உள்ள மறையாக்கச் சாவியும் இந்த பேக்கப்களில் சேராதவை. அந்தச் சாவி தொலைந்தால் தரவுத்தளத்தில் மறையாக்கம் செய்யப்பட்டவற்றைப் பிறகு படிக்கவே முடியாது.

இத்தனை காலப் பயன்பாட்டில் நான் மிகவும் மதிப்பது துணைப் பயனர் வசதியைத்தான். ஒருவருக்குக் கன்சோலைப் பார்க்கவும் சர்வரை மறுதொடக்கம் செய்யவும் மட்டும், இன்னொருவருக்குக் கோப்புகளைத் திருத்தவும் என்று உரிமைகளைத் தனித்தனியாக வழங்கலாம். கணினியின் முழு உரிமையையும் தரும் ரூட் கடவுச்சொல்லை யாரிடமும் பகிர வேண்டியதில்லை. யார் எதைச் செய்தார் என்ற செயல்பாட்டுப் பதிவும் இருப்பதால், ஓர் அமைப்பு மாறியிருந்தால் அதை மாற்றியவரிடமே காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. குழுவில் பொறுப்பு ஒருவர் தோளிலேயே தங்கிவிடாமல் பகிரப்படுவதற்கு இதுவே வழி செய்தது.

விங்ஸ் லினக்ஸில் மட்டுமே ஓடும். விண்டோஸுக்கென்றே வெளியிடப்படும் சர்வர்களை விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் உள்ள இமேஜ்கள் மூலம் ஓட்டலாம் என்றாலும், அவற்றைப் பராமரிப்பது கூடுதல் உழைப்பு. மாட்களைப் புதுப்பிப்பதும் அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் நிர்வாகியின் வேலையாகவே இருக்கின்றன. ஒரே ஒரு சர்வரை, ஒருவரே நிர்வகிப்பதாக இருந்தால் பிஎச்பி, தரவுத்தளம், ரெடிஸ், டாக்கர் என்று இத்தனையையும் நிறுவிப் புதுப்பித்து வருவதைவிட லினக்ஸில் நிரல்களைத் தானாகத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு சேவைக் கோப்பு எழுதிக்கொள்வதையே பரிந்துரைப்பேன். மூன்று நான்கு சர்வர்களும், அவற்றைக் கவனிக்க இரண்டு மூன்று பேரும் சேரும்போது பேனலை நிறுவிக்கொள்ளலாம்.