ஆர்-என்-யூ என்று அடித்தால் ‘ரன்’ வருமா? கட்டளைப் பரிந்துரை முறைகள்: ஓர் ஒப்பீடு

டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடித்து இயக்கும் திரையில்) கட்டளையைத் தப்பாக அடித்தவருக்கு ‘இதுவா?’ என்று ஒரே ஒரு சரியான பெயரைக் காட்டினால் வேலை ஓடும். ஐந்தாறு பெயரைக் கொட்டினால் மறுபடி அவரேதான் தேட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று நினைத்துவிடுவார். இந்த மூன்றில் எது நடக்கும் என்பது, அடித்த சொல்லுக்கும் சரியான பெயருக்கும் உள்ள தூரத்தை (எத்தனை எழுத்துப் பிழை என்பதை) எப்படி அளக்கிறோம், எந்த எல்லையில் வெட்டுகிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது.

ஒரு கருவியில் ஓட்டுவதற்கு ‘ரன்’ (ஆர்-யூ-என்), அழிப்பதற்கு ‘ஆர்-எம்’ என இரண்டு கட்டளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பயனர் ஆர்-என்-யூ என்று அடிக்கிறார். கடைசி இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இத்தகைய கருவிகளை எழுத உதவும் கோ மொழியின் கோப்ரா நூலகம் சாதாரண லெவன்ஷ்டைன் தூரத்தை (எழுத்தைச் சேர்த்தல், நீக்கல், மாற்றல் எத்தனை என்ற எண்ணிக்கையை) எடுக்கிறது. இயல்பான எல்லை 2. இந்த அளவையில் இடமாற்றம் என்று தனியாக ஒன்று கிடையாது, இரண்டு பிழையாகவே எண்ணும். எனவே ரன்னுக்குத் தூரம் 2. ஆர்-எம்முக்கும் 2 தான்: என்னை எம்மாக மாற்று, யூவை நீக்கு. இரண்டும் பட்டியலில் ஏறும். தூரப்படி வரிசைப்படுத்தினாலும் பலனில்லை, சமம்தானே! ஓட்ட நினைத்தவர் கண்முன் அழிக்கும் கட்டளையும் வந்து நிற்கிறது.

ரஸ்ட் மொழியின் கிளாப் நூலகம் ஜாரோ மதிப்பெண்ணை (இரு சொற்களின் ஒற்றுமையை 0 முதல் 1 வரை சொல்லும் அளவையை) நம்புகிறது, 0.7-க்கு மேல் இருந்தால்தான் காட்டும். ஸ்டேட்டஸ் போன்ற ஆறெழுத்துச் சொல்லில் நடுவே டியும் யூவும் இடம் மாறினால் 0.94 கிடைக்கும், அருமை. குட்டிச் சொல்லில்தான் வினை. நீளமான சொல்லின் நீளத்தில் பாதியை முழு எண்ணாக எடுத்து ஒன்றைக் கழித்த அளவுக்குள் இடம் தள்ளி நிற்கும் எழுத்தைத்தான் ஜாரோ பொருத்திப் பார்க்கும். மூன்றெழுத்துக்கு அது பூஜ்ஜியம். ஆர் மட்டும் பொருந்துவதால் ரன்னுக்கு 0.56, ஆர்-எம்முக்கு 0.61. தப்பான சொல்தான் நெருக்கம் என்கிறது கணக்கு! இரண்டுமே 0.7-ஐத் தொடாததால் பரிந்துரையே வராது. ‘எல்-எஸ்’ஸை ‘எஸ்-எல்’ என்று அடித்தால் மதிப்பெண் சுத்தமாகப் பூஜ்ஜியம்.

பைத்தான் மொழியின் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் இந்தப் பரிந்துரை வசதி 3.14-ஆம் பதிப்பில்தான் வந்தது. அந்தப் பதிப்பில் இயல்பாக அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். பின்னால் வேலை செய்வது டிஃப்லிப் என்ற ஒப்பீட்டு நூலகம், ஒற்றுமை எல்லை 0.6. ரன்னுக்கு 0.67, ஆர்-எம்முக்கு 0.4. மயிரிழையில் தப்பிக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் பக்கம் கமாண்டர் நூலகம் டாமராவ் வகைத் தூரத்தை எடுக்கிறது. இதில் பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறினால் ஒரே பிழை. ரன் 1, ஆர்-எம் 2. தூரம் 3-க்கு மேல் போகக்கூடாது, ஒற்றுமையும் (நீளத்தில் பிழை போக மிஞ்சும் பங்கு) 0.4-ஐத் தாண்ட வேண்டும் என்ற இரட்டை வடிகட்டியில் ஆர்-எம் விழுந்துவிடும். மிஞ்சியவற்றிலும் மிக நெருக்கமானதை மட்டுமே காட்டும். எழுத்துப்பிழைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஓர் எழுத்து கூடுதல், குறைதல், மாறுதல், பக்கத்து எழுத்தோடு இடம் மாறுதல் என்ற நான்கில் ஒன்றுதான் என்று இந்த அளவைக்குப் பெயர் தந்த டாமராவ் 1964-லேயே எழுதிவிட்டார். அந்த நாலாவதை எண்ணத் தெரியாத அளவையை விரலால் அடிக்கும் கட்டளைக்கு ஏன் வைக்க வேண்டும்?

எல்லாவற்றிலும் நுணுக்கமானது நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி. பிழைக்குப் பிழை விலை வேறு: இடமாற்றம் 0, விட்டுப்போன எழுத்தைச் சேர்க்க 1, எழுத்தை மாற்ற 2, கூடுதல் எழுத்தை நீக்க 3. ‘ஸ்டாட்ஸ்’ (எஸ்-டி-ஏ-டி-எஸ்) என்று அடித்தால், அதன் கட்டளைகளில் ஸ்டேட்டஸுக்கு 1, ஸ்டாஷுக்கு 4. முதலாவதை மட்டும் காட்டும். ஜாரோவிலோ ஒன்றுக்கு 0.94, மற்றதற்கு 0.87, இரண்டும் எல்லையைத் தாண்டிவிடும். அடித்தது ஒரு பொதுக் கட்டளையின் தொடக்கமாக இருந்தால் அதற்குத் தனி முன்னுரிமையும் உண்டு.

புதிதாக எழுதுவதானால் டாமராவ் வகைதான் எடுக்க வேண்டும். எல்லையை நீளத்தோடு கட்டுங்கள்: இரண்டெழுத்துக்கு இடமாற்றம் மட்டும், 3 முதல் 5 வரை ஒரு பிழை, 6 முதல் 8 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. எல்லோருக்கும் 2 என்று வைத்தால் எந்த இரண்டெழுத்துக் கட்டளையும் வேறெந்த இரண்டெழுத்துக் கட்டளைக்கும் ‘பக்கத்தில்’ வந்துவிடும். சமமாக வந்தால் மட்டும் மூன்று பெயர் வரை காட்டலாம்.

‘ரிமூவ்’ என்று அடித்தவருக்கு ‘டிலீட்’ வேண்டும் என்பதை எந்தத் தூரமும் கண்டுபிடிக்காது. அதற்குக் கையால் எழுதிய பட்டியல்தான் வழி. கோப்ராவின் சஜஸ்ட்ஃபார் என்ற புலம் அதற்கென்றே இருக்கிறது.

பரிந்துரையைத் தானாக ஓட்டும் வசதியில் மிகுந்த கவனம் வேண்டும். கிட்டில் இதற்கான ஆட்டோகரெக்ட் அமைப்பின் மதிப்பு நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணப்படுகிறது: 50 என்றால் ஐந்து நொடி காத்திருந்து ஓட்டிவிடும், 50 நொடி அல்ல. ப்ராம்ப்ட் என்று வைத்தால் கேட்டுவிட்டு ஓட்டும். எதிரே டெர்மினல் இல்லையென்றால் கேட்காமல் ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் கருவியிலும் இந்தச் சோதனை இல்லாவிட்டால், இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் யாரும் சொல்லாத பதிலுக்காக விடியும்வரை நின்றுகொண்டிருக்கும். பரிந்துரை பிழை வெளியீட்டில் போகட்டும், வெளியேறும் எண் (முடிந்ததும் கருவி தரும் எண்) பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது, பூஜ்ஜியம் என்றால் வெற்றி என்று பொருள்.

வெளியிடும் முன் உங்கள் கட்டளைப் பெயர்களையே ஒன்றோடொன்று அளந்து பாருங்கள். இரண்டு பெயருக்கு இடையே தூரம் 1 என்று வந்து, அதில் ஒன்று எதையாவது அழிக்கும் கட்டளையாக இருந்தால், பெயரை மாற்றுங்கள்.