ஏர் ரைஃபிளும் ஈய பெல்லட்டும்: அரவங்காட்டில் ஆறு வருஷம்

அப்பா நீலகிரி அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். 1903-ல் தொடங்கியது முதல் தோட்டாவுக்கும் குண்டுக்கும் மருந்து செய்கிற இடம். அந்த ஊரிலேயே ஒரு சிட்டிகை மருந்துகூடத் தேவைப்படாத, காற்றால் சுடுகிற ஏர் ரைஃபிளை வாங்கி வந்து நிற்கிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊட்டி போட் ஹவுஸ்ல பலூன் சுடுவானே, அதுவாடா?" என்றார்.

கிட்டத்தட்ட அதுதான். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற 0.177 அங்குலக் குழல் ரகம், அதாவது 4.5 மி.மீ. விட்டம். 2016 ஆயுத விதிகளின்படி இந்த விட்டத்தைத் தாண்டாமலும், சுடும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்.

முதல் வருஷம் முழுக்கத் துப்பாக்கியைத்தான் திட்டினேன். பத்து மீட்டரில் ஐந்து பெல்லட், அதாவது குட்டி ஈயக் குண்டு, போட்டால் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறும். குறிபார்க்கும் ஸ்கோப்பை மாற்றினேன், திருகெல்லாம் முறுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற குட்டித் தராசு ஒன்றை வாங்கி, மலிவு டப்பாவிலிருந்து நூறு பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒன்று 0.47 கிராம், இன்னொன்று 0.54. பாவாடை மாதிரி விரிந்திருக்கும் பின்பக்கம் பாதிக்குப் பாதி நசுங்கிக் கிடந்தது. காற்று அந்த இடுக்கில் கசிந்தால் பெல்லட் எங்கே நேராகப் போகும்?

பிறகு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் என்கிற பெல்லட் டப்பா ஒன்று கிடைத்தது. தலை 4.52 மி.மீ., எடை 0.547 கிராம். கட்டைவிரலால் குழலுக்குள் தள்ளும்போது முதலில் ஒரு சின்னப் பிடிப்பு, அப்புறம் வழுக்கிக்கொண்டு உட்காரும். அந்தப் பிடிப்பு இல்லாமல் தொளதொளவென்று விழுவதைத் தனியாக ஒதுக்கிவிடுவேன். ஒரு ரூபாய் நாணயம் ஐந்து ஓட்டையையும் மூடியது அன்றைக்குத்தான்.

மலையில் இன்னொரு கூத்து உண்டு. எங்கள் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் அடைபடுவதும் இதே மெலிந்த காற்றுதான். ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை போதாது, முட்டி நிற்கும். லேசான பெல்லட் போட்டால் அந்தக் குத்து தாடையில் தெரியும். கனமானதில் கொஞ்சம் அடங்குகிறது. கோயம்புத்தூர் நண்பர் தோட்டத்தில் இதே துப்பாக்கியால் சுட்டபோது குறி மேலே ஏறியது. மார்கழிக் காலையில் கிரீஸ் இறுகிக்கொண்டு குறி கீழே இறங்கும்.

ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்து போட்டால் ஈயம் வெள்ளைப் பொடி பூக்கும். ஒரு கடையில் புதுசு என்று கொடுத்த டப்பாவே அப்படித்தான் வந்தது. மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். இப்போது டப்பாவை அரிசி டிரம் மாதிரி இறுக்கி மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். குழலில் எண்ணெய் அதிகமானால் அது எரிந்து பட்டாசு மாதிரி வெடிக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா அலறியடித்து ஓடி வந்தார்.

சுட்ட ஈயம் கந்தல் துணி அடைத்த பெட்டியில் சேரும். இதுவரை ஏறக்குறைய 20,000 பெல்லட், பத்து கிலோவுக்கு மேல். அதில் கொஞ்சத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கலாம் என்று மாமா பையன் யோசனை சொன்னான். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அது பாட்டுக்கு உருகியது. ஈரத் துணியோடு ஒட்டியிருந்த ஒரு கைப்பிடி பெல்லட்டை அவன் சட்டிக்குள் போட்டதுதான் தாமதம், 'டப்' என்று தெறித்து ஷெட் தகரத்தில் வெள்ளிப் பொட்டாக ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, கண்ணாடி போட்டிருந்தோம். அதோடு அந்த வேலைக்கு முழுக்கு. ஈயம் தொட்ட கையால் பிஸ்கட் எடுக்கக்கூடாது என்பதும் வீட்டில் சட்டம். அண்ணன் குழந்தைகள் ஷெட்டுக்குள் வரவே கூடாது.

குரங்கை விரட்ட உதவுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, நான் காகித இலக்கைத் தவிர எதையும் சுடுவதில்லை.

ஸ்பிரிங் ஒருமுறை, பிஸ்டன் சீல் ஒருமுறை மாற்றியாயிற்று. இரண்டையும் கழற்றி மாட்டியது அப்பாதான். பலூன் துப்பாக்கி என்று இப்போது அவர் சொல்வதில்லை, ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து பெல்லட் அவருக்கு.