ஹீட்டர் இல்லாத பசுமைக்குடிலில் இலையுதிர்காலம்: பபிள் ராப்பா, தண்ணீர் டிரம்மா, ஃபிளீஸ் துணியா?

மூன்று வருடங்களில் மூன்றையும் முயன்றாயிற்று. இப்போது என் குடிலுக்குள் தொங்குவது ஃபிளீஸ், அதாவது குளிருக்குச் செடிகளைப் போர்த்தும் மெல்லிய துணி. மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மற்ற இரண்டுக்கும் நான் முழு நியாயம் செய்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னுடையது 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஒற்றைக் கண்ணாடிக் குடில். தரையிலேயே பாத்தி கட்டித் தக்காளியும் மிளகாயும். குளிர்காலம் முழுக்கக் காய்க்க வைக்கும் பேராசை எனக்கு இல்லை. கோடையின் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பச்சையாகவே நிற்கும் காய்கள் செடியிலேயே பழுக்க ஐந்தாறு வாரம் கிடைத்தால் போதும். தக்காளி 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய தூங்கிவிடும், காய் நிறம் மாறுவது நின்றுபோகும். மிளகாய்க்குக் குளிர் இன்னும் ஆகாது. உறைபனி தொட்டால் இரண்டும் ஒரே இரவில் கறுத்துத் துவண்டுவிடும்.

குடில் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று நானும் நினைத்தவன்தான். பகலில் சரி. இரவில் ஒற்றைக் கண்ணாடிக்குள் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கும். காற்று வீசும் இரவில் அந்த இரண்டும் இடுக்கு வழியாகப் போய்விடும். என் குடிலுக்கு மின்இணைப்பு கிடையாது. பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு வைக்கலாமே என்றால், ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குடிலுக்குள்ளேயே சேரும். அது ஏன் வேண்டாத விருந்தாளி என்பது கீழே வரும்.

முதல் வருடம் பபிள் ராப். பெரிய காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள், வெயிலைத் தாங்கும் தோட்ட ரகம். குமிழிப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி, சட்டத்தில் கிளிப் போட்டு உட்புறம் முழுக்க ஒட்டினேன். ஒரு மதியப் பொழுது வேலை, அதன்பின் வசந்தம் வரை தொட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வசதி சாதாரணமானதல்ல. இரவில் வித்தியாசமும் தெரிந்தது, காற்றடித்த இரவுகளில் நன்றாகவே தெரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் குறையும் நேரம்தான் தப்பு: சூரியன் தாழ்ந்து, பகல் சுருங்கிக்கொண்டிருக்கும் பருவத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தையும் வடிகட்டுகிறோம். போதாததற்கு, கண்ணாடிக்கும் ராப்புக்கும் நடுவே நீர் கோத்துக்கொண்டு, வசந்தத்தில் கழற்றும்போது பச்சைப்பாசி படிந்திருந்தது. அதைத் தேய்த்துக் கழுவ ஒரு நாள் போயிற்று.

இரண்டாம் வருடம் தண்ணீர் டிரம். பகல் வெயிலில் தண்ணீர் சூடேறி இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும் என்ற யோசனை கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! 200 லிட்டர் டிரம் இரண்டு, கறுப்பு வண்ணம் அடித்து, வடக்குச் சுவர் ஓரமாக. கணக்கை டிரம் வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டும், வாங்கிய பிறகு போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4.2 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். 400 லிட்டர் 5 டிகிரி குளிர்ந்தால் 8,400 கிலோஜூல், மின்கணக்கில் 2.3 யூனிட். என் குடிலின் கண்ணாடிப் பரப்பு சுமார் 26 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தை வெளியே விடும். வெளியைவிட 4 டிகிரி கூடுதலாக வைத்திருக்க 600 வாட்டுக்கு மேல் வேண்டும், 12 மணி நேரத்துக்கு 7 யூனிட்டைத் தாண்டும். என் இரண்டு டிரம்களும் சேர்ந்து தரக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதுவும் வெயில் அடித்தால். இலையுதிர்காலத்தில் நான்கு நாள் தொடர்ந்து மேகம் மூடுவது சர்வசாதாரணம். அப்படி ஒரு வாரத்தின் முடிவில் டிரம் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது 9 டிகிரி. அந்த நிலையில் டிரம் என்பது செடி வைக்க வேண்டிய இடத்தை அடைத்து நிற்கும் பெரிய பாத்திரம், அவ்வளவுதான். ஒரு நல்ல குணத்தை மட்டும் மறைக்கக் கூடாது: உறைபனி விளிம்பில் நிற்கும் இரவில் அதன் பக்கத்துச் செடிகள் கொஞ்சம் தெம்பாக இருந்தன. அதனால்தான் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதுவரை எல்லாம் வெப்பநிலைப் பேச்சு. எத்தனை டிகிரி கூடியது என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், நானும் இரண்டு வருடம் அதையேதான் குறித்து வைத்தேன். ஆனால் பபிள் ராப் வருடத்தில் என் தக்காளியைக் கொண்டுபோனது குளிரே இல்லை. வெப்பமானி ஒரு நாளும் 4 டிகிரிக்குக் கீழே போகவில்லை. அப்படியும் மூன்றாம் வாரத்தில் இலை கழித்த தழும்புகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று படிந்தது. தொட்டால் புகை போலப் பறந்தது. போட்ரைடிஸ், சாம்பல் பூஞ்சணம். பத்து நாளில் ஆறு செடியில் நான்கு தண்டு அழுகிச் சாய்ந்தன.

இந்தப் பூஞ்சணத்துக்குக் குளிர் ஒரு தடையே இல்லை. 15 முதல் 20 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம், ஆனால் அதைவிடக் குளிர்ந்தாலும் மெதுவாக வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அதற்குத் தேவை ஈரம். இலையிலோ தண்டிலோ சில மணி நேரம் நீர்ப்படலம் நின்றால் வித்து முளைத்துவிடும். உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பூவிதழும், வெட்டுக்காயமும் அதற்கு வாசல்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மதியம் 20 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கனமீட்டருக்கு 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். இரவு 8 டிகிரிக்கு இறங்கினால் 8 கிராம் சொச்சம்தான் தாங்கும். மீதி எங்காவது நீராகப் படிந்தாக வேண்டும். காற்றிலிருந்து வருவது என்னவோ ஒரு டம்ளர்கூட இருக்காது. ஆனால் நனைந்த மண்ணும் இலைகளும் இரவு முழுக்க ஆவியை விட்டுக்கொண்டே இருக்குமே, அதுதான் தீராத ஊற்று. வெறும் கண்ணாடிக் குடிலில் அந்த நீர் முதலில் போய்ப் படிவது எல்லாவற்றையும்விடக் குளிர்ந்த பரப்பில், அதாவது கண்ணாடியில். காலையில் கண்ணாடி வியர்த்து வழிகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்து நமக்கு உதவி செய்கிறது அது. நான் பபிள் ராப் ஒட்டி அந்தக் குளிர்ந்த பரப்பை மறைத்தேன், இடுக்குகளையும் அடைத்தேன். சூடு தங்கியது, கூடவே ஈரமும் தங்கியது. தெளிந்த வானமுள்ள இரவில் இலை தன் சூட்டை வெளிவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது நீர் தேடிப் போவது இலையைத்தான். டிரம் வருடத்தில் இத்தனை மோசம் இல்லை, கண்ணாடி திறந்தே இருந்ததால் என்று இப்போது புரிகிறது. இரண்டு செடி போனது.

இந்த இடத்தில்தான் ஃபிளீஸ் ஜெயிக்கிறது. நெய்யாமல் அழுத்திச் செய்த அந்த மெல்லிய துணி காற்றோட்டத்தைத் தணிக்கும், ஆனால் ஆவியை அடைக்காது. இலை வெளிவிடும் சூட்டுக்கும் அது ஒரு கூரை. மண்ணிலிருந்து எழும் சூட்டில் ஒரு பகுதி துணிக்குள் நிற்கும், ஆவி துணியைக் கடந்து போய் வழக்கம்போலக் கண்ணாடியில் படியும். மூன்றாம் வருடம் மூங்கில் கழிகளால் பாத்திக்கு மேலே ஒரு சட்டம் கட்டி, 17 கிராம் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டேன். அடுத்த வருடம் 30 கிராம் துணிக்கு மாறினேன். (கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள், "கெட்டித் துணி" என்றால் ஆளுக்கு ஒன்றைத் தருவார்கள்.) வெளியே 1 டிகிரி இருந்த ஒரு விடியலில் குடிலுக்குள் 3, துணிக்குள் ஐந்தரை. பபிள் ராப்பும் ஏறக்குறைய இதைத்தான் கொடுத்தது. டிகிரியில் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் துணியை விலக்கினால் இலை காய்ந்திருந்தது. அந்த வருடம் பூஞ்சணத்துக்கு ஒரு செடிகூடப் பலியாகவில்லை, இரண்டு காய்களைக் கிள்ளி எறிந்ததோடு சரி.

துணி இலையைத் தொடக் கூடாது. சட்டம் இல்லாமல் செடிமேல் அப்படியே போர்த்தினால், நனையும் இடத்தில் துணி இலையோடு ஒட்டும், உறைந்தால் இலையும் சேர்ந்து உறையும். ஓரம் தரைவரை தொங்க வேண்டும், இல்லாவிட்டால் மண்சூட்டைப் பிடிக்க வந்த துணி வெறும் பந்தல்தான்.

வேலை? இருக்கிறது, ஒவ்வொரு நாளும். பிற்பகலில், வெயில் இருக்கும்போதே கூரை ஜன்னலை அரை மணி திறந்து ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். சூரியன் இறங்கும் நேரத்தில் துணியை இழுத்துவிட வேண்டும். காலையில் விலக்க வேண்டும். இதில் காலை வேளைதான் முக்கியம்: வெயில் பட்டதும் காற்று சட்டென்று சூடேறும், கனத்த காய்கள் மட்டும் இரவுக் குளிரோடு இருக்கும், அவற்றின் மேல் நீர் முத்து முத்தாகப் படியும். அந்த நேரத்தில் துணியை எடுத்து ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தால் போதும். "குளிரும் நேரத்தில் ஜன்னலைத் திறப்பதா" என்று கை தயங்கும். திறங்கள். தண்ணீர் ஊற்றுவதும் காலையில்தான், வேரடியில் மட்டும். இலை கழிப்பது காய்ந்த நாளில், தண்டோடு ஒட்டி, குச்சி நீட்டிக்கொண்டிருக்காமல்.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. நாள் முழுக்கப் போர்த்தியே விட்டால் வெளிச்சமும் போய், துணியும் ஈரம் கோத்து, பபிள் ராப்பைவிட மோசமாகிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது, வடக்குச் சுவருக்கும் கதவுக்கும் மட்டும் பபிள் ராப், கூரையைச் சும்மா விடுங்கள். இந்தப் பாதி அமைப்பை ஒரே ஒரு பருவம், அதுவும் பக்கத்துத் தோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியின் ஆயுள் மூன்று பருவம், கவனமாக மடித்து உலர்ந்த இடத்தில் வைத்தால். மூங்கில் நுனியில் மாட்டிக் கிழிவதுதான் அதிகம், நுனிகளில் பழைய சாக்ஸைக் கட்டிவிட்டேன். வெளியே மைனஸ் 3 வரை இந்த அமைப்பு என் செடிகளைக் காப்பாற்றியது. அதற்குக் கீழே நான் சோதித்ததில்லை, சோதிக்கும் எண்ணமும் இல்லை. தொடர்ந்து இரண்டு இரவு மைனஸ் என்று முன்னறிவிப்பு வந்தால், லேசாக நிறம் திரும்பிய தக்காளியை எல்லாம் பறித்து, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு பெட்டியில் போட்டு அறைக்குள் வைத்துவிடுவேன். மிளகாயை வேரோடு பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றி, பாதியாக வெட்டி, ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுவேன். மிஞ்சியிருக்கும் அந்த ஒரு டிரம் அதற்குப் பிறகும் குடிலிலேயே இருக்கும், காலையில் ஊற்றக் கை விறைக்காத தண்ணீர் அதில் கிடைக்கிறது.